கிளட்சுக்குள் கசியும் எண்ணெய்: வன்னிப் பழக்கமும் தஞ்சைப் பழக்கமும்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் செம்பனைக் காடுகளில் இன்னும் குலை இழுக்கிற பழைய மாஸி பெர்குசன் டிராக்டரின் அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச் கூட்டின் அடிமட்டத்தில், ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கி ஆடும். சேறு அப்பித் துளை அடைபடாமல் இருக்கத்தான் அந்த ஆட்டம். அங்கிருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்பதில் இலங்கைத் தமிழ் மெக்கானிக்குக்கும் தமிழ்நாட்டு மெக்கானிக்குக்கும் பழக்கம் வேறு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நம் வண்டிகள் பிழைக்கும் என்பது என் எண்ணம்.

இந்த வேலை ஏன் பெரிதென்றால், இந்த டிராக்டர்களுக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் போல்ட் போட்டுச் சேர்த்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்த சிறிய சாம்பல் நிற பெர்குசனும் அப்படித்தான். பிறகு வந்த 35, 135 மாடல்களும் அப்படித்தான். கிளட்சைத் தொட வேண்டுமானால் வண்டியை இரண்டாகப் பிளக்க வேண்டும். எண்ணெயைத் தடுக்கும் சீல் சிறு காசு. அதை எட்டுகிற கூலி பெருங்காசு.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வடக்கில் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, உரம் என்று பலவும் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகாமல் நின்றன. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. உழவுக்கு இருந்த டிராக்டரே போரில் சனம் இடம்பெயர்ந்தபோது பெட்டி படுக்கையையும் முதியவர்களையும் குழந்தைகளையும் சுமந்தது. அந்த வண்டி நின்றுபோனால் ஒரு குடும்பமே வழியில் நின்றுவிடும். புதுச் சாமான் கிடைக்காத ஊரில், இருக்கிற சாமானை வீணாகக் கழற்றிக் கெடுக்கக் கூடாது என்ற ஒழுக்கம் கராஜ்காரர் கையில் ஊறியது. "எங்கயிருந்து வருகுதெண்டு தெரியாமல் மெசினைப் பிரிக்கப்படாது" என்பது அந்தப் பழக்கத்தின் சாரம்.

எண்ணெய் இரண்டு பக்கத்திலிருந்து வரலாம். முன்பக்கம் கிராங்க் ஷாஃப்டின் பின் சீல். பின்பக்கம் கியர்பாக்ஸ் முன் ஷாஃப்டின் சீல். முன்னது எஞ்சின் ஆயில்: கறுப்பு, மெலிது. பின்னது கியர் ஆயில்: தடிப்பு, தேன் நிறம், தண்ணீர் கலந்திருந்தால் பால்போல் வெளுப்பு. விரலில் தொட்டும் நிறம் பிடிபடாவிட்டால், கூட்டைத் துடைத்துக் காயவைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, மூக்கு கீழே பார்க்கச் சரிவில் இரவு முழுக்க வைப்பார்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டினால் கிராங்க் பக்கம். நின்றபடியே சொட்டினால் கியர்பாக்ஸ் பக்கம். இதற்கு முன்னால் இன்னொன்றும் பார்ப்பதுண்டு: வால்வு மூடியிலிருந்து வழிந்து பின்னால் இறங்கும் எண்ணெய்கூடக் கிளட்ச் கசிவுபோலவே தோன்றும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளழுத்தம் ஏறியிருந்தாலும், நல்ல சீலே எண்ணெயைக் கக்கும். அங்கே சீல் மாற்றிப் பயனில்லை. வண்டியைப் பிளக்காமலே தீர்கிற கசிவுகள் இருக்கின்றன என்பதை இந்தப் பொறுமை காட்டிக்கொடுக்கிறது.

தமிழ்நாட்டின் கதை வேறு. சென்னையில் 1960இல் டாஃபே தொடங்கி, மாஸி பெர்குசன் வடிவத்தில் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. பெர்கின்ஸ் உரிமத்தில் எஞ்சின் செய்த சிம்ப்சன் ஆலையும் சென்னையின் செம்பியத்தில்தான். இங்கிலாந்தில் அந்த மாடல்கள் நின்றுபோன பிறகும் அவற்றின் வழிவந்த வண்டிகள் இந்தியாவில் தொடர்ந்து பிறந்தன. அதனால் சீல், கிளட்ச் பிளேட், பேரிங் எல்லாம் சிறு நகரத்துக் கடையிலும் கிடைக்கும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நடவுக்கு முன் சேற்றுழவு நாட்களில் மணிக்கணக்கு வாடகைக்கு ஓடும் வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். ஆகவே அங்கே பேச்சு இப்படி: "பிரிச்சது பிரிச்சாச்சு, எல்லாத்தையும் மாத்திருங்கண்ணே." இரண்டு சீலும், ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கும், ரிலீஸ் பேரிங்கும், பிளேட்டும் ஒரே தடவையில் மாறும்.

இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். கூலி பெரிது, சாமான் மலிவு என்றால் இது சரியான கணக்கு. பைலட் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. அதையும் சேர்த்து மாற்றுவது அறிவுதான். டபுள் கிளட்ச் வண்டியில், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ.வுக்கான குழாய் ஷாஃப்டும் உண்டு. அதன் வெளிப்புறம் ஒரு சீல், உள்ளே இன்னொன்று. வெளியே தெரிவதை மட்டும் மாற்றிவிட்டு மூடினால் மறுமாதமே திரும்பப் பிளக்க வேண்டிவரும்.

ஆனால் அந்த வேகத்தில் ஒன்று தவறிப்போகிறது. பல ஆண்டு ஓடிய ஷாஃப்டில் சீலின் உதடு உரசிய இடத்தில் ஒரு வரிப்பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் வருடினால் நகம் தடுக்கும். அந்தப் பள்ளத்தின்மேல் புதுச் சீல் போட்டால் அதுவும் கசியும். சாமான் அரிதான ஊரில் பழகிய கை இதை முதலில் தடவிப் பார்க்கும். சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளிப் பொருத்தி, தேயாத இடத்தில் உதடு உட்கார வைக்கும். அதற்கு இடமில்லை என்றால் மெல்லிய எஃகு வளையம் ஏற்றும், அல்லது லேத்தில் கொடுத்து நிரப்பிக் கடையும். தமிழ்நாட்டு லேத் பட்டறைக்காரருக்கும் இது கைவந்த கலைதான். அவரிடம் ஷாஃப்ட் போய்ச் சேருவதில்லை என்பதே குறை.

இனி மலாக்கா. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. நம் முன்னோர் பால்மரம் சீவிய அந்த மேட்டு நிலங்களில் பலவும் இன்று செம்பனை. ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதை, ஆண்டு முழுக்க மழை. இங்கே சேற்றுழவு இல்லை. டிரெய்லர் நிறையக் குலையோடு சரிவில் இறங்குவதே வேலை. பெர்குசன் வகை வண்டியில் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். இறக்கத்தில் அது முன்னால் ஓடி வந்து கியர்பாக்ஸ் முன் சீலில் முட்டும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லது" என்று அளவுக்கு மேல் ஊற்றும் கை நம் தோட்டங்களில் அதிகம். சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்து, கூடுதலை இறக்கிவிட்டாலே நின்றுபோகும் சொட்டு உண்டு. பால்போல் வெளுத்த எண்ணெய் என்றால் மழைத்தண்ணீர் கியர் கம்பி ரப்பர் வழியாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தஞ்சையில் சேறு ஏறாமலிருக்க அடித்துளையை அடைத்து ஓட்டினால் அதற்கு நியாயம் உண்டு. இங்கே அடைத்தால் எண்ணெய் கூட்டுக்குள் தேங்கிப் பிளேட்டை நனைக்கும்.

ஆகவே பிளக்கும்வரை இலங்கைக்காரரைப் பின்பற்றுங்கள்; பிளந்த பிறகு தமிழ்நாட்டுக்காரரை; மூடுமுன் மறுபடி இலங்கைக்காரரை. பிளக்கும்போது முன் அச்சின் இரு பக்கமும் மரஆப்பு அடிக்க மறக்காதீர்கள். முன் அச்சு நடுப்பின்னில் ஆடக்கூடியது. ஆப்பு இல்லாவிட்டால் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்கும். பழைய மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் கிராங்க் பின்சீல் கிராஃபைட் தடவிய கயிறாக இருக்கலாம். அதை இரண்டு அரைவட்டக் கூட்டிலும் உருளைக் கட்டையால் நன்றாக அழுத்தி உட்கார வைத்து, நுனிகள் மயிரளவு வெளியே நிற்கும்படி வெட்ட வேண்டும். முழுக்க மட்டமாக வெட்டினால் சேருமிடத்தில் ஒழுகும். ரப்பர் சீல் என்றால் உதட்டில் கிரீஸ் தடவி, ஷாஃப்டின் பல்வரிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி ஏற்றுங்கள். உதடு எண்ணெயைப் பார்த்தபடி இருக்கட்டும்.

எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடும் வழக்கத்தை மட்டும் இரு நாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடு ஏறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும், கிளட்ச் வழுக்கும். புது லைனிங் ரிவெட் அடியுங்கள். பழைய பிளேட்டிலும் கயிற்று சீலிலும் கல்நார் இருக்கக்கூடும். கூட்டுக்குள் படிந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் வேலை பார்க்கும் பையனின் நுரையீரலுக்குள் அந்தத் தூள் போகக் கூடாது.