முதுமையும் பெப்டைடு சிகிச்சையும்

1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று, பாரிஸ் நகரத்து உயிரியல் சங்கக் கூட்டத்தில், 72 வயதான பிரௌன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியல் நிபுணர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தம் தோலுக்கடியில் ஊசியால் செலுத்திக்கொண்டதாகவும், இழந்த தேகபலமும் மனவூக்கமும் அதனால் தமக்கு மீண்டதாகவும் அறிவித்தார். அவர் பொய்யுரைக்கவில்லை, நீரில் எடுத்த அச்சாற்றில் பயன்தரும் ஹார்மோன் ஏறக்குறைய இல்லையென்பதும், அவர் அனுபவித்தது நம்பிக்கையின் பலனே என்பதும் பிற்காலத்தார் கண்டது. 33 ஆண்டுகள் கழித்து, 1922 ஜனவரியில், டொராண்டோ நகரில் நீரிழிவால் உயிர் ஒடுங்கிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு செலுத்தப்பட்டது. முதல் ஊசி ஏமாற்றமளிக்க, காலிப் என்பவர் சுத்திகரித்துத் தந்த அடுத்த தயாரிப்பு இரத்தத்தின் சர்க்கரையைக் கண்கூடாக இறக்கியது. முதுமையை ஆரோக்கியமாகக் கழிப்பதற்கென்று அமெரிக்காவில் இன்று விற்பனையாகும் பெப்டைடு ஊசிகளை எண்ணும்போதெல்லாம் இவ்விரு சாறுகளும் என் மனத்தில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இவ்வடிவிலேயே செல்கிறது. அந்தச் சிறுவனைக் காத்த இன்சுலின் 51 கண்ணிகளையுடைய பெப்டைடு. முதியோரின் எலும்புத் தேய்வுக்கு 2002 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ள டெரிபாரடைடும், சர்க்கரைக்கும் உடற்பருமனுக்கும் வழங்கும் செமாகுளூடைடும் அவ்வினத்தவையே. ஆகவே பெப்டைடு சிகிச்சை முழுவதையும் போலி வைத்தியமென்று தள்ளுவது அறியாமையாகும். ஆனால், இவற்றின் கீர்த்தியைக் காட்டி, சோதிக்கப்படாத பிறவற்றையும் அதே பெயரில் விற்பது அறியாமையன்று, அது வேறு.

இளமை ஊசியின் நவீன சரித்திரம் 1990-இல் தொடங்குகிறது. டேனியல் ரட்மன் என்னும் மருத்துவர், 61 முதல் 81 வயது வரையிலான 21 ஆண்களில் 12 பேருக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் அளித்து, அவர்களுடைய கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்ததாகவும் கொழுப்பற்ற உடலெடை 8.8 சதவீதம் கூடியதாகவும் வெளியிட்டார். சிறிய ஆய்வு, ஏனையோருக்குப் போலி ஊசி கூட அளிக்கவில்லை. எனினும், முதுமையே பின்வாங்கியதைப்போல அது முழங்கப்பட்டது. அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2003-இல் அத்தகைய விளம்பரங்களைக் கண்டித்தெழுத நேர்ந்தது. 2007-இல் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உடலமைப்பில் சிறு மாறுதலையும், அதற்கு விலையாகத் திசுக்களில் நீர்க்கோவை, மூட்டுவலி, மணிக்கட்டில் நரம்பு நெருக்கம் ஆகியவற்றையுமே கண்டனர். இந்த ஹார்மோனை நோயற்றவருக்கு இளமைக்காக வழங்குவது அமெரிக்கச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். எனவேதான் அதை உடலே சுரக்கும்படி தூண்டுகின்ற செர்மோரெலின், இபமோரெலின் போன்ற பெப்டைடுகள் முன்னே வந்தன. இபமோரெலின் தட்டும் அதே கதவை வாய்வழி மருந்தாகத் தட்டிய எம்.கே.-677, 65 முதியவரிடம் சோதிக்கப்பட்டபோது கொழுப்பற்ற உடலெடை கூடியது, பலம் கூடவில்லை, சர்க்கரை ஏறியது.

இதைவிட ஆழமான ஐயமொன்று உண்டு. ஈக்வடார் மலைக்கிராமங்களில், பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோனின் செய்தியை ஏற்க இயலாத ஏறக்குறைய நூறு பேரை 22 ஆண்டுகள் கவனித்துவந்த மருத்துவர்கள், அவர்களில் ஒருவருக்கும் நீரிழிவு இல்லையென்றும், புற்றுநோய் ஒருவரை மட்டுமே தீண்டியதென்றும் 2011-இல் எழுதினர். அவர்கள் பிறரினும் நீடித்து வாழ்ந்தாரல்லர். ஆயினும் வயதோடு இச்செய்தி தணிவது குறைபாடா, உடல் தானே செய்துகொள்ளும் காவலா என்ற கேள்விக்கு விடை தேடாமல் அதை ஊசியால் உயர்த்துவது எனக்கு அச்சத்தையே தருகிறது.

எலிகளின் சாட்சியைக் கையாளும் விதத்தில் இத்துறையின் பட்சபாதம் புலப்படும். டெரிபாரடைடு எலிகளுக்கு எலும்புப் புற்றை உண்டாக்கியதால் அதன் உறையில் கடும் எச்சரிக்கை பொறிக்கப்பட்டு, மனிதரிடம் அவ்வபாயம் தோன்றாதது பல்லாண்டுக் கண்காணிப்பில் தெளிந்தபின் 2020-இல்தான் நீக்கப்பட்டது. பி.பி.சி.-157 என்னும் 15 கண்ணிப் பெப்டைடோ எலிகளின் தசைநாரையும் குடற்புண்ணையும் விரைந்து ஆற்றியது என்பதையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொண்டு மனிதருக்குச் செலுத்தப்படுகிறது. புண்ணை ஆற்றப் புது இரத்தநாளங்களை வளர்க்கும் பொருள், முதியவர் உடலில் மறைந்திருக்கும் கட்டிக்கும் அவற்றை வளர்க்காதென்று யார் உறுதி கூறுவார்?

2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருந்து கலந்து தரும் மருந்தகங்களுக்குரிய விதிகளில், பி.பி.சி.-157 முதலியவற்றைப் பாதுகாப்பு ஐயத்துக்குரிய பட்டியலில் வைத்தது. தயாரிப்பில் சேரும் மாசுக்களும், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கிளறும் அபாயமும், மனிதர்பால் பெற்ற தகவலின் பற்றாக்குறையும் காரணங்கள். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனம் 2022-லேயே விளையாட்டு வீரருக்குப் பி.பி.சி.-157-ஐத் தடைசெய்திருந்தது. தடை வந்தால் மக்கள் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று சீட்டொட்டிய குப்பிகளைத் தேடிப்போவார்கள் என்னும் வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அக்குப்பிகளில் உள்ளதன் சுத்தத்துக்கு எவரும் பொறுப்பில்லை. ஆனால், அதற்குப் பரிகாரம் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதன்று. காப்புரிமையால் லாபம் கிட்டாத பொருளைச் சோதிக்கக் கம்பெனிகள் பணம் போடமாட்டா. அச்சோதனையைப் பொதுப்பணத்தில் நடத்துவதே அரசின் கடமை. அதுவரையிலாவது, ஊசி போடும் ஒவ்வொரு மருத்துவரும் எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்தார், பின்னர் நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பதிந்து வெளியிடவேண்டுமென்றேனும் விதிக்கலாம்; பிரௌன்-செக்கார், தம் முடிவில் தவறினாலும், அவற்றையெல்லாம் எழுதி அச்சில் ஏற்றிவைத்தார்.