75.3 விழுக்காடு எதை அளந்தது?

மார்பகப் பயாப்சியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், 2015 மார்ச்சில் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஜோஆன் எல்மோர் குழுவினரின் ஆய்வு அங்கே வந்து நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களைச் சேர்ந்த 115 நோயியல் மருத்துவர்கள், 240 மாதிரிகள், மொத்தம் 6,900 வாசிப்புகள். மூன்று வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவோடு இந்த வாசிப்புகளில் 75.3 விழுக்காடு ஒத்துப்போயின. நான்கு பயாப்சி ரிப்போர்ட்டில் ஒன்று தவறு என்று இதைப் படிப்பது எளிது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் படிப்பதற்கான இடத்தை அதன் அமைப்பே விட்டுவைத்திருக்கிறது.

பலத்திலிருந்து தொடங்குவதே நியாயம். நோயியலாளர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை அளக்கும் முயற்சி இத்துறைக்குப் புதியதில்லை. 1991இல் ஹுவான் ரோசாய் எல்லைநிலை மாதிரிகள் 17ஐ ஐந்து நிபுணர்களிடம் கொடுத்தார். ஒன்றில்கூட ஐவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு ஸ்டூவர்ட் ஷ்னிட் குழுவினர் வரையறைகளை முன்கூட்டியே தெளிவாக வகுத்துத் தந்து, ஆறு நிபுணர்களை 24 மாதிரிகள் படிக்கவைத்தனர். முழு உடன்பாடு 58 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இவை இரண்டும் நிபுணர் வட்டத்துக்குள்ளேயே நடந்தவை. எல்மோர் குழு அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்தது. தினமும் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் சாதாரண நோயியல் மருத்துவர்களை அழைத்து, ஆளுக்கு 60 மாதிரிகள் தந்து, தனித்தனியே படிக்கச் சொன்னது. வாரத்துக்குக் குறைவான மார்பக மாதிரிகளைப் பார்ப்பவர்களிடமும் சிறிய ஆய்வகங்களில் இருப்பவர்களிடமும் முரண்பாடு கூடுகிறது என்பதைக் காட்டியது. இந்த ஒரு முடிவுக்காகவே ஆய்வு நிலைக்கும்.

குறை அளவுகோலில் தொடங்குகிறது. மூன்று வல்லுநர்களின் கூட்டு முடிவே 'சரியான விடை' என்று கொள்ளப்பட்டது. அந்த மூவரும் தனித்தனியே படித்தபோது, மூவருமே ஒத்துப்போனது 75 விழுக்காடு மாதிரிகளில்தான். இதை மறைக்காமல் அச்சிட்ட ஆசிரியர்களின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் தராசுமுள்ளே ஆடும்போது கிடைக்கும் எண்ணுக்குத் துல்லியம் என்று பெயர் வைக்க முடியாது. ஆய்வு அளந்தது உடன்பாட்டை. கட்டுரைத் தலைப்பு உடன்பாடு என்றே சொல்கிறது. உரை மட்டும் 'மிகைவாசிப்பு' (உள்ளதைவிடத் தீவிரமாகப் படிப்பது), 'குறைவாசிப்பு' (உள்ளதைவிடக் குறைத்துப் படிப்பது) என்று பேசும்போது தீர்ப்பின் தொனிக்கு நழுவுகிறது.

இரண்டாவது, மாதிரிகளின் கலவை. 240இல் 72 தீங்கற்றவை, 72 அட்டிபியா (இயல்புக்கு மாறான, ஆனால் புற்று என்று சொல்ல முடியாத செல்கள்), 73 நாளத்துக்குள் அடங்கிய புற்று (சுருக்கமாக நாளப் புற்று), ஊடுருவிய புற்று 23 மட்டுமே. உண்மையான ஆய்வக மேசைக்கு இந்த விகிதத்தில் மாதிரிகள் வருவதில்லை. அங்கே அட்டிபியா சிறுபங்கு. கடினமானவற்றை வேண்டுமென்றே குவித்தது முறையியல் நோக்கில் சரியே. குவித்த பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒற்றைச் சராசரியை முன்னிறுத்தியதுதான் சரியில்லை. பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. ஊடுருவிய புற்றில் உடன்பாடு 96 விழுக்காடு, தீங்கற்றதில் 87, நாளப் புற்றில் 84. அட்டிபியாவில் 48. சராசரியைக் கீழே இழுத்தது இந்த நாற்பத்தெட்டுதான். உண்மையான செய்தியும் அதுவே.

அந்த 48 ஏன் இவ்வளவு தாழ்ந்தது என்பதை ஸ்லைடிலேயே பார்த்துவிடலாம். ஹீமாடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏறிய மெல்லிய வெட்டில் ஒரு பால்நாளத்தின் குறுக்குவெட்டு. உள்ளே ஒரே அச்சில் வார்த்தாற்போலச் செல்கள், ஊதா நிறக் கருக்கள், நடுநடுவே துளைத்தெடுத்ததுபோல் உருண்டையான இடைவெளிகள். அட்டிபியாவிலும் இதே செல்கள். குறைந்த தரநிலை நாளப் புற்றிலும் இதே செல்கள். பல இடங்களில் வேறுபாடு பரப்பளவுதான். இரண்டு நாளங்கள் முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஒரு விதி. மொத்தம் 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும் என்பது இன்னொன்று. 1.9 என்றால் அட்டிபியா, 2.1 என்றால் நாளப் புற்று; சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். கோடு மனிதர் போட்டது. அதன் இரு பக்கத்திலும் திறமையானவர்கள் பிரிந்து நிற்பதை அவர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது.

இதோடு ஆய்வின் மூன்றாவது குறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரே ஸ்லைடுதான் தரப்பட்டது. பணியிடத்தில் ஐயம் வந்தால் திசு பதிந்த மெழுகு பிளாக்கை மறுபடி வெட்டச் சொல்வார்கள், சிறப்புச் சாயம் கேட்பார்கள், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இங்கே மூன்றுக்கும் வழியில்லை. ஒப்பீடு சுத்தமாக இருக்க இந்தக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. அதற்காக நடைமுறையோடுள்ள தொடர்பைக் கொஞ்சம் இழக்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டு அதே தரவிலிருந்து அதே குழு எழுதிய கட்டுரை 'ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்தது. அது இந்தக் குறைகளில் இரண்டாவதான மாதிரிக் கலவையைத் தீர்த்தது. 50 முதல் 59 வயதுவரையிலான அமெரிக்கப் பெண்களுக்கு நடக்கும் பயாப்சிகளின் உண்மையான விகிதத்துக்கு ஏற்ப எண்களை எடையிட்டபோது, உடன்பாடு 92.3 விழுக்காடாக உயர்ந்தது. இதைவிட முக்கியமானது கேள்வியைத் திருப்பிப் போட்டதுதான். நோயாளியின் கையில் இருப்பது ரிப்போர்ட். அதற்குப் பின்னால் இருக்கும் உண்மை அவருக்குத் தெரியாது. அப்படியானால், இப்படி எழுதிய ரிப்போர்ட் வல்லுநர் குழுவின் முன் எத்தனை முறை நிற்கும்? ஊடுருவிய புற்று என்று எழுதியவை 97.7 விழுக்காடு நின்றன. அட்டிபியா என்று எழுதியவற்றில் பாதிக்கும் மேல் மிகைவாசிப்பு என்று வல்லுநர் குழு கருதியது. முதல் கட்டுரையிலோ அட்டிபியா மாதிரிகளில் குறைவாசிப்பே அதிகம்: குறைவாசிப்பு 35 விழுக்காடு, மிகைவாசிப்பு 17. இதில் முரண் ஏதும் இல்லை. நடைமுறையில் தீங்கற்ற மாதிரிகள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றில் சிறு பங்கு தவறாக மேலே ஏறினாலும் அட்டிபியா என்ற கட்டத்தை நிரப்பிவிடும். இந்த நுட்பத்தை வெளிக்கொண்டுவந்ததால், குறைவாகவே பேசப்பட்ட இந்த இரண்டாவது கட்டுரையை முதலாவதைவிட ஒரு படி உயர்வாகவே வைப்பேன்.

இரண்டாம் கருத்தைப் பற்றி அதே குழு எழுதிய மூன்றாவது கட்டுரை 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எல்லா மாதிரிகளையும் இரண்டாமவர் படித்து, இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் தீர்த்தால், தவறு என்று கணக்கிட்டவை 24.7இலிருந்து 18.1 விழுக்காட்டுக்கு இறங்கின. பயன் உண்டு, எதிர்பார்ப்புக்குக் குறைவு. ஊடுருவிய புற்று என்று வந்தவற்றுக்கு மட்டும் இரண்டாம் வாசிப்பு வைத்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றமே இல்லை. எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்துக் காட்டியது இதன் சாதனை. ஆனால் இது கணினியில் சேர்த்துப் பார்த்த இரண்டாம் கருத்து. இருவர் ஒரே நுண்ணோக்கியின் இரு முனைகளிலும் அமர்ந்து வாதிட்டுத் தெளியும் வேலை இதில் நடக்கவில்லை. புதிய வெட்டும் இல்லை, புதிய சாயமும் இல்லை. ஆகவே 18.1ஐ இரண்டாம் கருத்தின் எல்லை என்று கொள்ளக் கூடாது. அதே சமயம், கோடே மங்கலாக இருக்கும் இடத்தில் கண்களை இரட்டிப்பதால் மட்டும் தெளிவு வராது என்ற பாடத்தையும் ஒதுக்க முடியாது.

ஒப்புநோக்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999இல் வெளியிட்ட கணக்கை வைக்கலாம். வெளியிலிருந்து வந்த 6,171 நோயாளிகளின் ஸ்லைடுகளை அங்கே மறுபடி படித்தபோது, சிகிச்சையையோ நோயின் போக்குப் பற்றிய கணிப்பையோ மாற்றும் அளவுக்குத் திருத்தம் வந்தது 86 பேருக்கு, அதாவது 1.4 விழுக்காடு. எல்லா உறுப்புகளும் அடங்கிய, அன்றாடப் பணியில் கிடைத்த எண் இது. எல்மோரின் எண்ணை இது மறுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு பொருளை அளக்கின்றன. 1.4 சிறிய எண்தான். அந்த 86 பேருக்கோ அது வேறொரு சிகிச்சை.

ஆக, என் மதிப்பீடு இது. கருத்து வேறுபாட்டின் அளவீடாக எல்மோர் குழுவின் மூன்று கட்டுரைகளும் இத்துறையில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. பயாப்சியின் துல்லியத்துக்கான சான்றாக முதல் கட்டுரையின் தலைமை எண்ணைக் காட்டுவது பிழை. இரண்டாம் கருத்துக்கு அவை தரும் ஆதரவு உறுதியானது, ஆனால் நிபந்தனைக்குட்பட்டது: ரிப்போர்ட்டில் அட்டிபியா அல்லது நாளத்துக்குள் அடங்கிய புற்று என்று இருந்தால், மார்பக மாதிரிகளை அதிகம் பார்ப்பவரிடம், சிகிச்சை தொடங்கும் முன்பே மறுவாசிப்பு கேட்க வேண்டும். நம்மில் பலரும் இரண்டாம் கருத்து என்றால் அதே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு சர்ஜனைப் பார்க்கப் போகிறோம். அது சிகிச்சை பற்றிய இரண்டாம் கருத்து மட்டுமே. முதல் வாசிப்பில் பிழை இருந்தால் அது கேள்வியின்றிக் கூடவே போகும். ஆய்வகத்திலிருந்து ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக் கொடுத்தால்தான் நோயறிதல் மறுபரிசீலனைக்கு வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய வெற்றிடம் எஞ்சுகிறது. அந்த 240 மாதிரிகளுக்கு உரியவர்களில் பிற்காலத்தில் யாருக்குப் புற்று வந்தது, யாருக்கு வரவில்லை என்பது மூன்று கட்டுரைகளிலும் அளவுகோலாக இடம்பெறவே இல்லை. வல்லுநர் குழு சொன்னதா, தனித்துப் படித்தவர் சொன்னதா, எது சரி என்பதை அந்த வரலாறு மட்டுமே தீர்க்கும்.