பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நடந்தது

பெரம்பலூர் விளையாட்டு மைதானத்தில் ஒரு மாதமாக ஒரே பேச்சு. ஜனவரியில் சென்னைக்குப் போய் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடிவிட்டு வந்த நம் ஆள் முடிந்துவிட்டாராம். 33-ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தவர், ஊர் திரும்பிய பிறகு மூன்று வாரம் ஷூவைத் தொடவில்லை. காலையில் மைதானத்துக்கு வருவார், கேலரிப் படியில் உட்காருவார், பையன்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போவார். “மனசு விட்டுட்டாப்ல” என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட நேரம் மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: இந்த சீசனில் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டத்து ஓட்டக்காரர்கள் எடுத்த முடிவுகளிலேயே சரியான முடிவு, அந்த 21 நாள் ஓடாமல் இருந்ததுதான்.

மைதானம் ஏன் இதைத் தப்பாகப் படிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நாம் பழகிய ஓட்டம் வேறு. போலீஸ் செலக்‌ஷனுக்கு வரும் பையனுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடம். இன்று நாலு செகண்டில் கோட்டை விட்டால் நாளை மறுநாள் மறுபடி ஓடிப் பார்க்கலாம். அண்ணா பெயரில் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் மாரத்தானில் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 5. முதல் பரிசு 5,000 ரூபாய், நாலாவது முதல் பத்தாவது வரை ஆளுக்கு 1,000. அதனால்தான் எந்த ஓட்டம் முடிந்து வந்தாலும் நம் ஊரில் முதல் கேள்வி, “எத்தனையாவது வந்த?” என்பது. அந்த ஓட்டங்களில் தோற்றவனுக்கு மருந்து, மறுநாள் இன்னும் வேகமாக ஓடுவது. அது அங்கே சரி. 42-இல் அதே மருந்தைக் கொடுத்தால் ஆள் விழுவான்.

400 மீட்டர் தடத்தில் இந்தத் தூரத்தை ஓடினால் 105 சுற்று முடித்து இன்னும் அரைச் சுற்று வரும். ஓடுகிறவரின் எடை எத்தனை கிலோவோ, ஏறக்குறைய அத்தனை கலோரி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும். நம் ஆள் 65 கிலோ. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கிற சர்க்கரைச் சத்து சுமார் 2,000 கலோரி. வகுத்துப் பாருங்கள், 30 கிலோமீட்டர் தாண்டியதும் பானை காலி. கூடவே கொழுப்பும் எரிகிறது, வழியில் குடிக்கிற குளுக்கோஸும் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு வேகமாக ஓடுகிறோமோ அவ்வளவு அதிகமாக அந்தப் பானையிலிருந்துதான் உடம்பு அள்ளும். 33-இல் நடந்தவரைப் பார்த்து ‘தம் இல்லை’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதோடு சென்னைக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பிளந்தால் உள்ளே கிளிஞ்சல் இருக்கும். கடல் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. அது பின்வாங்கிப் பல கோடி ஆண்டு ஆகிறது. கடற்கரையோடு ஒப்பிட்டால் இன்று நம் காற்று காய்ந்த காற்று. பேரளிப் பக்கம் விடியற்காலையில் ஓடினால் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் குளிர வைக்கும். சென்னையில் அது காயாது, வழியும். வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. 2019-இல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் கிளம்பிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானைக் குளிர்ச்சி தேடி வடக்கே சப்போரோவுக்குக் கொண்டுபோனார்கள். ஆண்களில் 106 பேர் கிளம்பி 30 பேர் பாதியில் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் மனசு விட்டவர்களா?

சென்னை ஓட்டம் முடிந்த அன்று இரவு அரியலூர் ஸ்டேஷனுக்கு அவரை அழைத்து வரப் போயிருந்தேன். ரயிலிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார். மாரத்தான் ஓடியவர்களுக்குத் தெரியும், ஏறுவதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போதுதான் முன்தொடை ஒத்துழைக்காது. நடைமேம்பாலத்துப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினார். பதக்கம் பைக்குள் கிடந்தது. பனியனில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து பெரம்பலூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டேவிட்டார், “எத்தனையாவது தம்பி?”

“முடிச்சிட்டேன் மாமா” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஏமாற்றம் சின்னதில்லை. சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளம்புவதற்கு முன் ரோட்டைப் பிடித்து, ஐப்பசி மழையில் கரிசல் மண் ஷூவில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் அரைக் கிலோ கூடிய பிறகும் விடாமல் ஓடி, நாலரை மாதம் கட்டிய கட்டடம் அது. ஒரே காலையில் சரிந்தது. அதற்கு மறுநாள் என்ன செய்வது? கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வீடு மாதிரி, நாலு மணிக்கு விழிப்பு வருகிறது, போக இடமில்லை.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஞாயிறு ஓடுகிறார்கள், செவ்வாய்க்கிழமை அடுத்த ஓட்டத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். மூன்று வாரத்தில் திருச்சி, ஐந்து வாரத்தில் இன்னொரு ஊர். மைதானம் இவர்களைத்தான் ‘வெறி’ என்று கொண்டாடுகிறது. என் பார்வையில் அது ஓட்டம் தந்த வலிக்கு ஓட்டத்தையே போதை மருந்தாகப் போட்டுக்கொள்வது. கிழிந்த தசை நார் ஆற இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். ஏமாற்றத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது, அது இன்றைக்கே பதில் கேட்கும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் நினைவிருக்கும். உலக சாதனையைக் கையில் வைத்திருந்த வீராங்கனை 36-ஆவது கிலோமீட்டர் வாக்கில் நின்று, சாலையோரம் உட்கார்ந்து அழுததை உலகமே பார்த்தது. ஐந்தே நாளில் அவர் 10,000 மீட்டருக்கு இறங்கினார். அதையும் முடிக்க முடியவில்லை. அந்த நவம்பரில் நியூயார்க்கில் ஓடி வென்றார். அவருக்கு இருந்த உடல் தொந்தரவுகள் தனிக் கதை, அதை நான் மறக்கவில்லை. ஆனால் என் கண்ணில் படுவது இடைவெளிதான். அதே ஆள், அதே கால். ஐந்து நாளில் நடக்காதது பதினோரு வாரத்தில் நடந்தது.

நம் ஆள் அந்த ஐந்தாவது நாளை வெறுமனே கடந்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டார். கட்டியிருந்த இடம் மட்டும் மணிக்கட்டில் வெளுத்துத் தெரிந்தது. பையன்களுக்குச் சுற்று எண்ணினார். இரண்டாவது வாரத்தில் ஒரு பையன், “அண்ணே, ஏன் ஓட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டதற்கு, “கால் இன்னும் வீட்டுக்கு வரலடா” என்றார். பத்தாவது நாள்தான் நோட்டை எடுத்தார். அதற்கு முன் எழுதியிருந்தால் என்னையே திட்டி எழுதியிருப்பேன் என்று என்னிடம் சொன்னார்.

அந்த நோட்டை நான் பார்த்தேன். இந்தப் பத்தியை எழுத வைத்ததே அந்த ஒரு பக்கம்தான். ஐந்தைந்து கிலோமீட்டராகப் பிரித்து எட்டு வரி, கடைசியில் மிச்சமிருந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வரி. நாமெல்லாம் எந்த வரியில் கோடு போடுவோம்? ஏழாவது வரியில். 30-லிருந்து 35 வரை. அங்கேதானே நடந்தார். அவர் அந்த வரியைத் தொடவே இல்லை. மூன்றாவது வரியில் சிவப்பில் அடிக்கோடு. 10-லிருந்து 15. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘12 – கூட்டத்தோட போயிட்டேன்’.

அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு கூட்டம் அவரைத் தாண்டியது. அவர் திட்டம் போட்டிருந்ததைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து செகண்ட் வேகமான கூட்டம். இருட்டு விலகாத நேரம், உடம்பு லேசாக இருந்தது, சேர்ந்துகொண்டார். கடன் வாங்கும்போது காசு கையில் இனிக்கத்தான் செய்யும். வட்டிக்காரன் வாசலுக்கு வந்தது 33-இல். வேடிக்கை பார்த்தவர்கள் வட்டிக்காரனை மட்டும் பார்த்தார்கள். அவர் மட்டும்தான் கடன் வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். அங்கே போக அவருக்குப் பத்து நாள் தேவைப்பட்டது. மூன்றாவது நாளே அடுத்த ஓட்டத்துக்குப் பணம் கட்டியவன், மறுபடியும் யாரோ ஒரு கூட்டத்தோடு பன்னிரண்டாவது கிலோமீட்டரில் போவான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நல்ல மனசுக்காரர்கள். “முடிச்சதே பெரிசுப்பா” என்று தோளைத் தட்டுகிறவர்கள். முதல் தடவை ஓடுகிறவருக்கு அது உண்மை. ஒரு குறி வைத்துக்கொண்டு நாலரை மாதம் உழைத்தவரிடம் அதைச் சொன்னால், நீ வைத்த குறி எங்களுக்குப் பெரிதில்லை என்று சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். கிடைக்கவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நாம்தான் மூடி மறைக்கிறோம். 2024 பாரிஸில், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற மாபெரும் ஓட்டக்காரர் 30 கிலோமீட்டர் தாண்டி நின்றுவிட்டு, சட்டையையும் ஷூவையும் ரசிகர்களிடம் கொடுத்துவிட்டு நடந்ததைப் பார்த்தோம். மாரத்தான் வாழ்க்கையில் அவர் முடிக்காத முதல் ஓட்டம் அது. அவரிடம் போய் யாராவது “பரவாயில்லை, கலந்துகொண்டதே பெரிசு” என்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

நான் யார் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். குன்னம் தாலுகாவில் பிறந்த ஒருவர் 42-ஐ இவ்வளவு நிதானமாகப் படிப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதனால் கணித்துச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

22-ஆவது நாள் அவர் மைதானத்தில் இரண்டு சுற்று நடந்தார், நாலு சுற்று மெதுவாக ஓடினார், கடிகாரம் இல்லாமல். சித்திரை, வைகாசியில் அவர் தூரத்தைக் கூட்ட மாட்டார். ஆவணிக்குப் பிறகுதான் நீள ஓட்டம் தொடங்கும். நடுவில் ஒரு அரை மாரத்தான் ஓடுவார், அதில் சுமாராகத்தான் வருவார், மைதானம் மறுபடி உதட்டைப் பிதுக்கும். அடுத்த ஜனவரியில் முதல் பாதி அவருடைய போன முறையைவிட மெதுவாக இருக்கும். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு கூட்டம் தாண்டும், விட்டுவிடுவார். 35-க்கு மேல் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரைத் தாண்டுவார்.

இந்த மாசி பங்குனியிலேயே பழிவாங்கும் ஓட்டம் ஓடப் போகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் எலும்பு வலி, குதிகால் வலி என்று ஆடிக்குள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கணிப்பு பொய்த்தால் எனக்கு மகிழ்ச்சி.

இன்னும் நாலைந்து வருடத்தில், இந்த இரண்டு மாவட்டத்திலிருந்தும் 42-ஐப் பிசிறில்லாமல் ஓடப்போவது ஒரு பெண்ணாக இருக்கும் என்பது என் பெரிய நம்பிக்கை. உலகம் முழுக்க மாரத்தான் முடிவுகளை அலசியவர்கள் கண்டது, சராசரியில் ஆண்களைவிடப் பெண்களே இரண்டாம் பாதியில் வேகத்தை நன்றாகக் காப்பாற்றுகிறார்கள் என்பது. இன்று 5 கிலோமீட்டரில் பரிசு வாங்குகிற செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண்பிள்ளைகளில் யாரோ ஒருத்தி அது. கூட்டத்தைப் போகவிடுகிற பொறுமை இருக்கிற பிள்ளையாகப் பார்த்து யாராவது இப்போதே கவனியுங்கள்.

அடுத்த ஜனவரியில் சென்னையில் இருக்கிற பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். கிளம்பும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் போக வேண்டாம். 35-ஆவது கிலோமீட்டர் பலகையருகே வந்து நில்லுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும்போது நீட்டுங்கள். எத்தனையாவது என்று மட்டும் கேட்காதீர்கள்.