கதவைத் திறந்தவர் கதை

சிறையிலிருந்து தப்பியவனின் தீரத்தைப் பாடும் நூல்கள் பல. அவனுக்குக் கதவைத் திறந்தவரின் தீரத்தைப் பாடும் நூல்கள் எத்தனை? இக்கேள்வியை எடைக்கல்லாகக் கொண்டு இரு நூல்களை நிறுத்துப் பார்க்க விழைகிறோம். ஒன்று, ஆங்கிலேயர் எரிக் நியூபி 1971-இல் வெளியிட்ட ‘அப்பெனைன் மலையில் காதலும் போரும்’. மற்றொன்று, இத்தாலிய உழவர் அல்சீதே செர்வி சொல்ல, ரெனாத்தோ நிக்கொலாய் எழுத்தாக்கி 1955-இல் வெளிவந்த ‘என் ஏழு மைந்தர்’.

1943 செப்டம்பர் 8. இத்தாலி போரைக் கைவிட்ட செய்தி வெளியாயிற்று. அன்று அந்நாட்டு முகாம்களில் அடைபட்டிருந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 80,000 பேர். அவர்களுள் பல்லாயிரவர் வெளியேறினர். ஆனால் செருமானியப் படை நாட்டின் வடக்கையும் நடுப்பகுதியையும் விரைந்து பற்றிக்கொண்டது. நேற்றுவரை பகைவர் எனப்பட்டவர் இன்று உழவர் வாயிலில் பசியோடு நின்றனர். பிடித்துக் கொடுத்தால் பரிசு. ஒளித்து வைத்தால் சாவு! இதுவே ஆட்சியாளர் அறிவிப்பு. அதைக் கேட்ட பின்னும் கதவுகள் திறந்தன.

பார்மாவுக்கு அருகே, ஃபொன்தனெல்லாத்தோ முகாமிலிருந்து முறிந்த கணுக்காலோடு வெளியேறியவர் நியூபி. மலையில் உழவர் வீட்டில் உண்டார். அவர்கள் நிலத்தில் கல் பொறுக்கினார். ஊரார் கூடிக் காட்டுக்குள் அவருக்கு மறைவிடம் கட்டித் தந்தனர். ஆயினும் மீண்டும் பிடிபட்டார். தமக்கு உதவிய சுலோவேனிய நங்கை வாண்டாவைப் போருக்குப் பின், 1946-இல் மணந்தார்.

உதவிய எளிய மக்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பதாலேயே எழுதினேன் என்கிறார் நியூபி. நல்ல நோக்கம்! அவர் நடையில் நகைச்சுவை உண்டு; நன்றி உண்டு; உழைப்பாளரைத் தாழ்த்திப் பார்க்கும் பார்வை இல்லை. எனினும் ஒரு குறை. அவர் நடந்தால் கதை நடக்கிறது. அவர் நின்றால் கதை நிற்கிறது. அவர் விட்டுச் சென்ற வீட்டில் அன்றிரவு யார் உறங்கினார், யார் உறங்காமல் நாய் குரைப்பதற்குச் செவி சாய்த்தார் என்பது நமக்கு எட்டுவதில்லை.

இக்குறை சிறிதா? அன்று! 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, தப்பிப் பிடிபட்ட கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே; காவல் 30 நாளுக்கு மிகக்கூடாது. அதையும் இட்லர் ஆட்சி மீறியதுண்டு. 1944 மார்ச்சில் தப்பிய வான்படையினருள் 50 பேரைச் சுட்டுக் கொன்றது. ஆயினும் கைதிக்கு ஏட்டிலாவது ஒரு காப்பு இருந்தது. அவனுக்குக் கஞ்சி வார்த்த கிழவிக்கு என்ன காப்பு? ஒரே கூரை, ஒரே இரவு, இருவேறு தண்டனை!

அத்தண்டனையை ‘என் ஏழு மைந்தர்’ காட்டுகிறது. ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு அருகே செர்வி குடும்பத்தார் உழவர், பாசிசத்தை எதிர்த்தவர், பல நாட்டுத் தப்பிய கைதிகளுக்குத் தம் வீட்டைப் புகலிடமாக்கியவர், ஆயுதப் போரிலும் இறங்கியவர். 1943 நவம்பர் 25 விடியலில் பாசிசப் படை வீட்டை வளைத்துத் தீ வைத்தது. டிசம்பர் 28 அன்று ஏழு மைந்தரும் ஒருசேரச் சுடப்பட்டனர். தாய் ஜெனொவெஃபா 1944 நவம்பரில் மாண்டார். 1970 வரை வாழ்ந்தார் தந்தை.

இந்நூலும் குறையற்றதன்று. மைந்தர் மனிதராய் நடமாடுவதைவிடச் சிலைகளாய் உயர்ந்து நிற்கும் பக்கங்கள் உள. வந்தவர்க்கெல்லாம் உலையேற்றிய பெண்டிரின் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை. ஆனால் ஒன்றை இந்நூல் உணர்த்துகிறது: அடைக்கலம் என்பது ஒரு நொடி இரக்கமன்று, நாள்தோறும் புதுப்பிக்கப்படும் முடிவு. ஒவ்வொரு காலையிலும் அக்குடும்பம் விருந்தினனை வெளியே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

பள்ளியில் பாடஞ்சொல்லும் நம்மிடம், வீரன் யார் என்று மாணவன் கேட்டால், முள்வேலி தாண்டியவனைக் காட்டுவது எளிது. அவனுக்கு ஓடுவதே வழி. ஓட வேண்டிய தேவையே இல்லாதவர், நிலத்தையும் மக்களையும் பணயம் வைத்து, அயலானுக்காக நின்ற இடத்தில் நின்றாரே, அவரையும் காட்டுவோம். நியூபியின் நூலைப் படியுங்கள், இன்பம் பெறுவீர்கள். செர்வியின் நூலை அதன் அருகில் வையுங்கள். அந்த இன்பத்துக்கு யார் விலை கொடுத்தார் என்பதை அறிவீர்கள்.