பொன்னிறமாகும் வரை

சமையல் குறிப்பும் ஓர் எழுத்துதான். கதைகளை விமரிசிக்கிறவர்கள் அதைத் தொடுவதில்லை. கீழான சரக்கு என்ற நினைப்போ என்னவோ. எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மோசமான கதையைப் படித்து ஏமாறுகிறவனுக்கு ஒரு மணி நேரம் போகிறது. மோசமான குறிப்பை நம்பி ஏமாறுகிறவளுக்கோ வெண்ணெயும் முட்டையும் சாக்லேட்டும் போய்விடுகின்றன. அதுவும் டிசம்பர் 24-ஆம் தேதி ராத்திரியில். விடிந்தால் பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பியாக வேண்டும்!

ராயபுரத்தை வைத்துத்தான் சொல்கிறேன். 1856-இல் இங்கே ரயில் நிலையம் திறந்தார்கள். ரயில்வே உத்தியோகத்தை நம்பி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் குடியேறின. மாதா கோயிலைச் சுற்றிக் கடலை நம்பிய கிறிஸ்தவக் குடிகள் அதற்கு முன்பிருந்தே உண்டு. இவர்களுடைய கிறிஸ்துமஸ் தட்டில் ரோஸ் குக்கீயும் கல்கல்லும் கேக்கும் இருக்கும். இப்போது சாக்லேட் குக்கீயும் அதில் ஏறியிருக்கிறது. ஏறட்டுமே! துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்த பண்டம் என்று முகம் சுளிப்பது வேடிக்கை. என்னை உறுத்துவது பண்டமல்ல. அதைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிற தமிழ்.

இதன் மூலம் அமெரிக்கா. மாஸசூஸெட்ஸில் விட்மன் என்ற ஊரில் 'டோல் ஹவுஸ்' விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட், 1930-களில் வெண்ணெய் மாவில் சாக்லேட்டை உடைத்துப் போட்டுச் செய்தார். 1938-இல் அது அவருடைய புத்தகத்தில் இடம் பெற்றது. பிறகு நெஸ்லே சாக்லேட்டின் உறையிலேயே அச்சாயிற்று. ஏதோ கைத்தவறுதலில் பிறந்த பலகாரம் என்று ஒரு கதை உலவுகிறது. நான் அதை நம்பவில்லை. மனையியல் படித்து, விடுதி நடத்திப் பேர் வாங்கிய ஒருத்தியின் திறமையைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது எவ்வளவு சௌகரியம்!

அவருடைய குறிப்பு நல்ல குறிப்பு. 375 டிகிரி பாரன்ஹீட், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். எழுதுகிறவளுக்கும் படிக்கிறவளுக்கும் ஒரே மாதிரி அடுப்பு, ஒரே மாதிரி குளிர். நம்மவர்கள் அதைப் பெயர்க்கும்போது 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று எழுதுகிறார்கள். யாருடைய அறை? ராயபுரத்தில் டிசம்பர் மாதத்துப் பகலில்கூட 28, 29 டிகிரி செல்ஷியஸ் இருக்கும். வெண்ணெய் குழைந்து, எண்ணெய் கக்க ஆரம்பித்திருக்கும். அந்த மாவைச் சூட்டில் வைத்தால் பன்னிரண்டு உருண்டையும் பரந்து ஒட்டி ஒரே அப்பளமாகும். உருட்டிய மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. 'பிரவுன் சுகர்' என்று போடுகிறார்கள். பாகு கழியாத நாட்டுச் சர்க்கரை டப்பாவில் இருக்க, அந்தப் பெண் கடை கடையாக அலைகிறாள்.

இவையெல்லாம் போகட்டும். கோகோ தூள் சேர்த்துப் பிசைகிற வகை ஒன்று உண்டு. அதற்கும் கடைசியில், 'பொன்னிறமாகும் வரை சுடவும்' என்றுதான் முடிக்கிறார்கள். முறுக்குக்கு எழுதிய வாசகத்தை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட்டார்கள். பிசையும்போதே கறுத்திருக்கிற மாவு எப்போது பொன்னிறமாகும்? காத்திருந்தால் கரியாகும். நாவலில் நாயகி வந்ததும் 'மதிமுகம்' என்று எழுதுகிறானே, அதே சோம்பல்தான் இது. எழுதியவர் பண்டத்தைப் பார்க்கவில்லை.

ஓவன் இல்லாத வீடுகளில் குக்கரின் காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடுகிறார்கள். சூடு கீழேயிருந்து மட்டும்தான் வரும். மேல்புறம் பச்சையாகத் தெரியும்போதே அடி தீய்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் செய்கிற ஓர் ஆன்ட்டியிடம், எப்படிப் பதம் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கலரப் பாக்காதே தம்பி. ஓரத்தத் தொட்டுப் பாரு. ஓரம் கெட்டியா, நடுவுல மெத்துனு இருந்தா எறக்கிடு. ஆறுனா அதுவே கெட்டிப்படும். மூக்கு எதுக்கு இருக்குது?"

இதில் கை இருக்கிறது, மூக்கு இருக்கிறது, ஆறுகிற நேரமும் இருக்கிறது. அவரே ரோஸ் குக்கீக்குச் சொன்னதும் இப்படித்தான்: அச்சை முதலில் எண்ணெயில் காயவிட வேண்டும், பிறகு முக்கால் பாகம் மட்டும் மாவில் தோய்க்க வேண்டும், முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சை விடாது. இந்த 'முக்கால் பாக'த்தை ஒரு தடவையாவது மாவு மூடிக்கொண்டு அவதிப்பட்டவர்தான் எழுத முடியும்.

கடற்காற்றைப் பற்றியும் நம் குறிப்புக்காரர்கள் பேசுவதில்லை. மழை விட்டும் விடாத மார்கழியில், திறந்து வைத்த பிஸ்கட் சீக்கிரமே நமுத்துப் போகும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினாலோ ஆவி வேர்த்து அதைவிட மோசம். ஆன்ட்டி வீட்டில் தட்டுகளை மேஜைமேல் பரப்பி, எறும்புக்குப் பயந்து நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். நன்றாக ஆறின பிறகுதான் டப்பாவுக்குப் போயிற்று. எனக்கு மட்டும் நாலு முன்கூட்டியே கிடைத்தன.