இடைக்கால உடையும் கவசமும்: ஒரு பொழுதுபோக்குக் கைவினை பற்றிய மதிப்பீடு

ஐரோப்பாவின் இடைக்காலத்தைச் சேர்ந்த உடைகள், காலணிகள், கவசங்கள், வாள்கள் ஆகியவற்றைப் பழைய சான்றுகளைப் பார்த்துத் தாமே செய்து அணிவது இன்று ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய பகுதிகளில் பரவலான பொழுதுபோக்கு. வார நாட்களில் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள் ஓய்வு நேரத்தில் கம்பளித் துணியை வெட்டித் தைக்கிறார்கள். இரும்பு வளையங்களைக் கோர்க்கிறார்கள். கோடைக்கால முகாம்களில் அவற்றை அணிந்து சமைத்து உண்டு சண்டையிடுகிறார்கள். இதை வெறும் மாறுவேடம் என்று ஒதுக்குவோர் உண்டு. கடந்த காலத்தை உயிர்ப்பிக்கும் ஆய்வு என்று உயர்த்திப் பேசுவோரும் உண்டு. இரு தரப்பாரும் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுகிறார்கள்: இப்படிச் செய்யப்படும் ஒரு சட்டையோ கவசமோ எதற்குச் சான்று? அக்கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் அளவுக்கே இப்பொழுதுபோக்கு அறிவுத்துறையை நெருங்குகிறது.

தோற்றம்

இடைக்காலத்தை அணிந்து பார்க்கும் ஆசை புதியதல்ல. 1839 ஆகஸ்ட் மாத இறுதியில் ஸ்காட்லாந்தில் 13ஆம் எக்ளின்டன் பிரபு தம் கோட்டை வளாகத்தில் இடைக்காலப் பாணியில் குதிரை ஈட்டிப் போட்டி ஒன்றை நடத்தினார். அதற்கான கவசங்களையும் அலங்காரங்களையும் லண்டன் பாண்ட் தெருவின் பழம்பொருள் வணிகர் சாமுவேல் பிராட் வழங்கினார். முதல் நாளே பெருமழை கொட்டியது. களம் சேறானது, வீரர்களும் பார்வையாளர்களும் நனைந்தனர், கவசத்துக்கு அருகில் குடைகள் விரிந்தன. பத்திரிகைகள் நெடுநாள் இதைக் கேலி செய்தன. எக்ளின்டன் நிகழ்வில் கவசம் என்பது பணம் கொடுத்து வாங்கப்பட்ட பொருள். அணிந்தவர்களுக்கு அதைச் செய்வது பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1966 மே 1 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லியில், ஒரு வீட்டின் பின்முற்றத்தில் நண்பர்கள் சிலர் நடத்திய போட்டி வேறு திசையைக் காட்டியது. அதிலிருந்து 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற அமைப்பு வளர்ந்தது. அதன் நிகழ்வுகளுக்கு வருபவர் 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உடையை அணிய 'முயன்றிருக்க' வேண்டும் என்பது விதி. துல்லியம் கட்டாயமல்ல, முயற்சி கட்டாயம். செல்வந்தரின் விளையாட்டாக இருந்ததை ஊசியும் நூலும் உள்ள எவரும் நுழையக்கூடிய இடமாக இந்த ஒரு சொல் மாற்றியது. பின்னர் வந்த குழுக்கள் வேறு வேறு எல்லைகளை வகுத்துக்கொண்டன. குறிப்பிட்ட நூற்றாண்டையும் ஊரையும் மட்டுமே பின்பற்றும் குழுக்கள், ரப்பர் நுரை வாள்களுடன் கற்பனை உலகில் ஆடும் குழுக்கள், மழுங்கிய எஃகு ஆயுதங்களால் உண்மையாகவே மோதும் குழுக்கள் எனப் பல வகைகள் இன்று உள்ளன. எஃகு ஆயுத மோதலுக்கான 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' என்ற பன்னாட்டுப் போட்டி 2010இல் உக்ரைனின் கோட்டின் கோட்டையில் தொடங்கியது.

சான்றுகளின் இயல்பு

இடைக்கால உடைகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. துணி மட்கும், கிழிந்தால் வேறு உடைக்கு ஒட்டாகும், இறுதியில் கந்தலாகும். ஆகவே இப்பொழுதுபோக்கின் பெரும்பகுதி ஓவியங்களையும் கல்லறைச் சிற்பங்களையும் மண்ணில் கிடைத்த சில துணிகளையும் நம்பி நிற்கிறது.

அவற்றுள் முதன்மையானவை கிரீன்லாந்தின் தென்முனையில் உள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறை நிலத்தில் கிடைத்தவை. 1921இல் டேனிய ஆய்வாளர் பவுல் நோர்லுண்ட் அங்கு அகழாய்வு செய்தார். உறைந்த மண் பல முழு உடைகளைக் காத்து வைத்திருந்தது. மரம் அரிதான அந்நாட்டில் பலர் சவப்பெட்டியின்றிப் பழைய உடைகளில் சுற்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். சுவீடனில் 1936இல் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த 'பாக்ஸ்டன் மனிதன்' மேலங்கி, போர்வை, நீண்ட வாலுள்ள முக்காடு, காலுறை ஆகியவற்றுடன் முழு ஆடைத் தொகுதியாகக் கிடைத்தவர்.

இந்த இரு கண்டுபிடிப்புகளும் இப்பொழுதுபோக்குக்குத் தந்த நன்மைக்கு இணையாக ஒரு பிழையையும் தந்தன. அருங்காட்சியகத்தில் அவ்வுடைகள் இன்று பழுப்பு நிறமாகத் தெரிகின்றன. அந்தப் பழுப்பில் பெரும்பங்கு மண்ணும் சதுப்பு நீரும் ஏற்றியது. ஆனால் முகாம்களில் 'இடைக்கால நிறம்' என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பழுப்பே கோலோச்சியது. மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும், வோட் இலையின் நீலமும், வெல்ட் செடியின் மஞ்சளும் இடைக்காலச் சாயக்காரர்களின் அன்றாடச் சரக்கு. நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததன் விளைவை ஒரு காலத்தின் ரசனையாக எண்ணிவிட்டார்கள்.

இரண்டாவது பிழை இடம் சார்ந்தது. ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் உடைகள் ஐரோப்பிய உலகின் விளிம்பில் வாழ்ந்த குடியேறிகளுடையவை. தேய்ந்த பிறகு பிணத்துக்குச் சுற்றப்பட்டவை. அவ்வுடைகளின் வெட்டை அப்படியே எடுத்துப் பட்டில் தைத்துப் பாரிஸ் அரசவைப் பெண்ணின் உடை என்று அணிபவர்களும் உண்டு. பொருள் உண்மையானது, அதற்குத் தரப்படும் முகவரி தவறானது.

கவசத்திலும் இதே நிலைதான். 1361 ஜூலையில் டென்மார்க் அரசன் நான்காம் வால்டமாரின் படை காட்லாந்து தீவின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே உள்ளூர் விவசாயிகளை வென்றது. மாண்டவர்களில் பலர் கவசத்தோடு பெருங்குழிகளில் புதைக்கப்பட்டனர். அங்கு கிடைத்தவற்றில் உள்தகட்டுச் சட்டைகள் புகழ்பெற்றவை; தோல் அல்லது துணியின் உட்புறம் இரும்புத் தகடுகளை அறைந்து செய்தவை அவை. செய்வதற்கு எளிதாகவும் உறுதியாகவும் இருப்பதால் இன்று பொழுதுபோக்கு வீரர்கள் இவற்றை மிகவும் விரும்புகிறார்கள். தம்மைச் செல்வமிக்க பிரபுவாகக் கற்பனை செய்பவர் அணிந்திருப்பது, அன்றைக்கே பழைய பாணியாகிவிட்ட கவசத்துடன் மாண்ட கிராமத்தவரின் உடை என்ற முரணை அவர்களில் சிலரே கவனிக்கிறார்கள்.

கை கற்றுத்தருபவை

இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் இப்பொழுதுபோக்கு தரும் அறிவு உண்மையானது. படத்தைப் பார்த்து அறிய முடியாத பலவற்றைத் தைத்துப் பார்த்தவர் அறிகிறார். இடைக்கால மேலங்கி பெரும்பாலும் செவ்வகங்களாலும் முக்கோணங்களாலும் ஆனது. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் முக்கோணத் துண்டுகளைச் செருகினால் தறியில் வந்த துணி ஏறக்குறைய வீணாகாமல் அகன்ற பாவாடைப் பகுதியாக விரிகிறது. துணி விலையுயர்ந்ததாக இருந்த காலத்தின் கணக்கு அந்த வெட்டில் இருப்பது, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவருக்கே முதலில் தெரிகிறது.

பிரான்சின் லியோன் துணி அருங்காட்சியகத்தில் உள்ள, 1364இல் இறந்த சார்ல் தெ புளுவாவுடையது எனச் சொல்லப்படும் பஞ்சு பொதிந்த மேற்சட்டை மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் கைக்குழி மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக வெட்டப்பட்டுள்ளது. மேசையில் விரித்துப் பார்த்தால் விசித்திரமாகத் தோன்றும் இந்த வெட்டின்படி தைத்து அணிந்தவர் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சட்டையின் இடுப்பு மேலே ஏறுவதில்லை. உடலை ஒட்டிய உடையிலும் தோள் தடையின்றி அசைய அந்தத் தையற்காரர் கண்ட தீர்வு அது.

கவசத்தின் பாரம் பற்றிய இரு கட்டுக்கதைகளும் இவ்வழியில்தான் சரி செய்யப்பட்டன. வீரர்களைப் பாரந்தூக்கியால் குதிரையில் ஏற்றினார்கள் என்பது ஒன்று. அளவாகச் செய்த தகட்டுக் கவசத்தில் ஓடலாம், விழுந்து எழலாம், குதிரையிலும் ஏறலாம் என்று அணிந்தவர்கள் காட்டினார்கள். அப்படியானால் கவசம் ஒரு தடையே இல்லை என்பது அதற்கு எதிராக எழுந்த கதை. 2011இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, கவசத்தில் பழகியவர்களை 15ஆம் நூற்றாண்டுப் பாணிக் கவசங்களுடன் ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து அளந்தது. நடைக்குச் செலவாகும் ஆற்றல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. கால்களில் ஏறிய எடை ஒவ்வோர் அடியிலும் வீசித் தூக்கப்பட வேண்டியிருந்தது. மார்புத் தகடு ஆழ்ந்து மூச்சுவிடத் தடையாக இருந்தது. கவசம் அணிந்து பழகிய உடல்கள் இல்லாமல் இந்த அளவீடு நடந்திருக்காது.

உண்மைத்தன்மை என்னும் படிநிலை

சிக்கல், இந்த அறிவு தகுதிச் சின்னமாக மாறும்போது தொடங்குகிறது. பல குழுக்களில் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கச் சரியாக இருந்தால் போதும் என்ற தளர்ந்த அளவுகோல் ஒன்று உண்டு. மறுமுனையில், உள்தையல் முதற்கொண்டு கையால் போட்டதா என்று புரட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 'நூல் எண்ணுபவர்கள்' என்று அவர்களுக்கு ஒரு கேலிப்பெயரும் உண்டு. புதிதாக வந்தவரின் முதல் உடை தையல் இயந்திரத்தில் தைத்தது என்பதற்காக அவரைச் சிறுமைப்படுத்தும்போது, 'முயற்சி' என்ற சொல் திறந்த கதவு மூடப்படுகிறது.

முழுமையான உண்மைத்தன்மை எவருக்கும் கைகூடுவதில்லை என்பதே இக்கண்டிப்பின் பலவீனம். பிரம்பு வாளால் மோதும் விளையாட்டில் தலைக்கவசத்தின் முகப்பில் நெருக்கமான கம்பிகள் வைக்கப்படுகின்றன. அது கண்ணைக் காப்பதற்கான இன்றைய ஏற்பாடு. துணிக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு ஒளிந்திருக்கிறது. ஆடு மாறிவிட்டது, கம்பளியின் இழை மாறிவிட்டது, அணிபவரின் உடல்வாகும் மாறிவிட்டது. இந்த விலகல்களைச் சொல்லிவிட்டுச் செய்பவர் ஏமாற்றுவதில்லை. ஒன்றிரண்டு விலகல்களை மறைத்துக்கொண்டு பிறருடையதைச் சுட்டுபவரே ஏமாற்றுகிறார்.

எவருடைய உழைப்பு, எவருடைய இடைக்காலம்

வளையக் கவசச் சட்டை ஒன்றுக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். ஒவ்வொரு வளையத்தோடும் நான்கு வளையங்கள் கோர்க்கப்படுகின்றன. பொழுதுபோக்காளர் பெரும்பாலும் கம்பியை உருளையில் சுற்றி, நறுக்கி, குறட்டால் முனைகளைச் சேர்த்து நிறுத்திவிடுகிறார். இடைக்கால வளையமோ முனை தட்டையாக்கப்பட்டு, துளையிடப்பட்டு, சிறு ஆணியால் அறையப்பட்டது. அத்தகைய வளையச் சட்டைகள் இன்று சந்தையில் எட்டக்கூடிய விலையில் கிடைப்பதற்கு இந்தியப் பட்டறைகளே முதன்மைக் காரணம். மீரட், தேராதூன் போன்ற வட இந்திய நகரங்களிலிருந்து வாள்களும் தலைக்கவசங்களும் வளையச் சட்டைகளும் உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. கைவேலையின் மாண்பைப் போற்றும் ஒரு பொழுதுபோக்கு, தன் மிகக் கடினமான கைவேலையைப் பெயர் தெரியாத கூலித் தொழிலாளரிடம் விட்டிருக்கிறது. தைத்தவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டும் முகாமில் வளையம் அறைந்தவரின் பெயர் ஒலிப்பதில்லை. இடைக்கால உழைப்பாளிகளும் பெரும்பாலும் இப்படித்தான் மறைந்தார்கள் என்பதால், அறியாமலே செய்யப்பட்ட மிகத் துல்லியமான பிரதி இதுவாகவே இருக்கக்கூடும்.

பார்வையின் இன்னொரு குருட்டுப் புள்ளியை ஜெர்மனியின் மக்தபர்க் பேராலயத்தில் உள்ள புனித மொரிஸ் சிலை காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அச்சிலை, வளையத் தலைமூடியையும் தொடக்கக்கால உள்தகட்டுச் சட்டையையும் நுணுக்கமாகக் காட்டுவதால் கவசம் செய்பவர்களுக்கு இன்றியமையாத சான்று. அக்கவசத்துக்குள் இருப்பவர் ஆப்பிரிக்க முகச்சாயலுடைய கறுப்பு மனிதர். ஐரோப்பிய இடைக்காலம் முழுக்க வெள்ளையருடையது என்ற எண்ணம் இத்தகைய வட்டங்களிலும் புழங்குகிறது; இனவாத அரசியல் அக்கால அடையாளங்களைத் தனதாக்கிக்கொள்ளவும் முயல்கிறது. தகடுகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்துவிட்டு முகத்தைக் காணாமல் விடுவது தற்செயலான கவனக்குறைவு ஆகாது. சான்றை முழுமையாகப் பார்ப்பது என்றால் அணிந்தவரையும் சேர்த்துப் பார்ப்பதே.

மதிப்பீடு

ஆஸ்திரியாவின் லெங்பர்க் கோட்டைச் சீரமைப்பின்போது 2008இல் தரைக்கு அடியில் கிடைத்த கந்தல்களில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மார்புக் கிண்ணங்களுடன் வெட்டித் தைத்த லினன் உள்ளாடைகள் இருந்தன. அத்தகைய ஆடை நவீனக் கண்டுபிடிப்பு என்ற கருத்தை அவை மாற்றின. அதுவரை 'இடைக்காலத்தில் இப்படி ஒன்று இல்லை' என்று உறுதியாகத் திருத்தியவர்கள் தவறாயினர். இப்பொழுதுபோக்கு அறிவாக நிலைக்க வேண்டுமானால் அதற்குத் தேவையான பண்பு எது என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. எந்தத் தையல் சான்றிலிருந்து வந்தது, எது ஊகம், எது இன்றைய வசதிக்காகச் சேர்ந்தது, எது வேறொருவர் உழைப்பு என்று செய்தவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்பட்ட எளிய கம்பளிச் சட்டை, வாய்திறவாத விலையுயர்ந்த கவசத்தைவிட இடைக்காலத்துக்கு அருகில் நிற்கிறது.