முகத்திரையும் சட்டத்திரையும்

'முகம் கொடுத்துப் பேசுதல்' என்பது நம் மொழியின் அழகிய வழக்குகளுள் ஒன்று. வந்தவரை மதித்து, அவர் சொல்லுக்குச் செவிசாய்த்து, அவரை ஒரு மனிதராக ஏற்பதையே அது குறிக்கிறது. ஒருவர் நமக்கு முகம் கொடுக்கவில்லை என்று நாம் வருந்தும்போது, அவர் முகத்தை மூடியிருந்தார் என்பது பொருளன்று. திறந்த முகத்தோடு நம்மைப் புறக்கணித்தார் என்பதே பொருள். இச்சிறு வேறுபாட்டை மனத்தில் இருத்தி, பிரான்சில் எழுந்த ஒரு சட்டத்தையும் அதன்மேல் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பையும், இலக்கியம் படிப்பதுபோலச் சொல் சொல்லாகப் படித்துப் பார்க்க விழைகிறோம்.

பொது இடத்தில் முகத்தை மறைக்கும் நோக்குடைய உடையை எவரும் அணியலாகாது என்னும் சட்டம் 2010 அக்டோபர் 11-ஆம் நாள் பிறந்தது. 2011 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. மீறுவோர்க்கு 150 யூரோ வரை அபராதம், அல்லது குடிமைப் பயிற்சி, அல்லது இரண்டும். தடையைக் கூறும் வாசகத்தில் சமயத்தின் பெயரும் இல்லை, பெண் என்னும் சொல்லும் இல்லை. ஆயினும் அது எவரை நோக்கியது என்பதில் ஐயமில்லை. புர்காவுக்குப் பிரெஞ்சு மண்ணில் வரவேற்பில்லை என்று அதிபர் சார்க்கோசி 2009 ஜூன் மாதம் வெர்சாயில் அறிவித்திருந்தார். அன்று நாடெங்கும் முழு முகத்திரை அணிந்தோர் ஏறத்தாழ 1,900 பேர் என மதிப்பிடப்பட்டது. ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களிடையே இத்துணைச் சிலர்! தேசியப் பேரவையில் சட்டத்தை ஆதரித்தவர் 335 பேர், எதிர்த்தவர் ஒருவரே.

1990-இல் பாகிஸ்தானில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகள் ஒருவர், பெயர் வெளியிடப்படாமல், ஸ்ட்ராஸ்பூர் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். கணவரோ குடும்பத்தாரோ தம்மை வற்புறுத்தவில்லை. எப்போதும் தாம் முகத்திரை அணிவதுமில்லை. பாதுகாப்புச் சோதனைக்கு முகம் காட்டத் தடையுமில்லை. மனச்சான்று விரும்பும்போது அணியும் உரிமையே வேண்டும் என்றார். 2014 ஜூலை 1-ஆம் நாள் தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பின் பெரும்பகுதியைப் படிப்போர், வழக்குத் தொடுத்தவரே வெல்வார் என எண்ணுவர். பொதுப் பாதுகாப்புக்காக எங்கும் எப்போதும் தடை விதிப்பது அளவுக்கு மீறியது என்கிறது மன்றம். பெண்களே தம் உரிமையென வாதாடும் ஒன்றைப் பெண் சமத்துவத்தின் பெயரால் தடுக்க இயலாது என்கிறது. மனித மாண்பு என்னும் காரணத்தையும் ஏற்கவில்லை. இவ்வாறு மூன்று தூண்களும் சாய்ந்தபின், 'சேர்ந்து வாழ்தல்' என்னும் நான்காவது தூணின்மேல் தடையை நிறுத்துகிறது. முகம் காட்டிப் பழகுவது சமூக உறவுக்கு அடிப்படை. அதைக் காக்க அரசுக்கு இடமுண்டு என்பது அதன் வாதம். நீதிபதிகளுள் 15 பேர் இதனை ஏற்றனர். மாறுபட்ட இருவரும் பெண்கள் என்பது எண்ணத்தக்கது. இக்கருத்து தெளிவற்றது என்றும், பிறரோடு உறவாடாமல் வெளியாளாக ஒதுங்கி நிற்கவும் மனிதருக்கு உரிமை உண்டு என்றும் அவர்கள் எழுதினர்.

'சேர்ந்து வாழ்தல்' உயர்ந்த சொல்லே. ஆனால் உயர்ந்த சொற்களைத்தான் நாம் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். சேர்ந்து வாழ்வதற்காக ஒருத்தியைத் தெருவிலிருந்து விலக்குவது எவ்வகைச் சேர்க்கை? முகம் தெரியாத இடத்தில் உறவு இல்லை என்பதை நம் அனுபவமே மறுக்கிறது. ஒப்புரவுத் தொட்டியின் வலைத்தட்டிக்கு அப்பால் இருப்பவர் முகம் நமக்குத் தெரிவதில்லை. வேறெங்கும் திறவாத மனத்தை அங்கே திறக்கிறோம். அடைப்பு மடத்துக் கன்னியர் கம்பித் தட்டிக்குப் பின்னிருந்து பேசுகையில், அவர்கள் சமூகத்தைப் பகைப்பதாக நாம் கருதுவதில்லை.

மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. முகத்திரைக்குள் இருப்போர் அனைவரும் விரும்பி இருக்கின்றனர் என்று சொல்ல நாம் துணியோம். அச்சத்தாலும் வற்புறுத்தலாலும் அணிவோரும் உளர். முகம் மறைக்குமாறு வற்புறுத்துவோர்க்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கும் பிரிவு அதே சட்டத்தில் உள்ளது. அப்பிரிவு நீதியானது, அதனை வரவேற்கிறோம். ஆனால் அதன் அருகிலேயே, வற்புறுத்தப்பட்டவளுக்கும் அபராதம் விதிக்கும் பிரிவு நிற்கிறதே! கணவன் திரையின்றி வெளியே விடான், அரசு திரையோடு வெளியே விடாது என்றால், அவளுக்கு எஞ்சுவது வீட்டின் நான்கு சுவர்களே. ஈரானின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1936-இல் அந்நாட்டு மன்னர் ஆட்சியில் காவலர் பெண்களின் முக்காட்டைக் களைந்தனர். 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் அதே நாட்டில் முக்காடு கட்டாயமாயிற்று. கட்டளை தலைகீழாக மாறியது. ஆனால் இருமுறையும் பெண்ணிடம் கேட்டார் இல்லை.

'இது பிறர் சிக்கல், நமக்கென்ன?' என்பார்க்கு மற்றொன்றை நினைவூட்டுவோம். 1905-இல் அரசையும் சமயத்தையும் பிரிக்கும் சட்டம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, கத்தோலிக்கக் குருக்கள் பொது இடங்களில் அங்கி அணிவதைத் தடுக்க ஷார்ல் ஷபேர் என்னும் உறுப்பினர் திருத்தம் கொணர்ந்தார். குருக்களை விடுவிப்பதே தம் நோக்கம் என்றார். சட்டத்தை வழிநடத்திய அரிஸ்தித் பிரியான் அதை ஏற்கவில்லை. சுதந்திரம் வழங்க வந்த சட்டம் உடையின் வடிவத்தைக் கட்டளையிடுவது நகைப்புக்கு இடமாகும். தடுத்தால் குருக்களும் தையற்காரரும் கூடிப் புதியதோர் ஆடையைப் படைத்துவிடுவர் என்ற கருத்துப்பட அவர் பேசினார். திருத்தம் தோற்றது. அன்று நம் குருக்களைக் காத்தவர் நம்பிக்கையாளர் அல்லர். நம்மோடு உடன்படாத ஒருவரே. அந்தக் கடன் நம்மீது உள்ளது.

காயம்பட்ட இதயம் இதை எளிதில் ஏற்காது என்பதையும் அறிவோம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களில் வழிபட்டோர் குண்டுகளுக்கு இரையாயினர். எட்டு நாள்களில் இலங்கை அரசு நெருக்கடி விதிகளின்கீழ் முகமூடுவதைத் தடைசெய்தது. அத்துயரத்தின் நடுவே எழுந்த அச்சத்தை எவர் குறைகூறுவார்? சோதனைச் சாவடியில் முகம் காட்டச் சொல்வது முறையே. ஆனால் ஆலயங்களுள் குண்டு சுமந்து நுழைந்தவர்கள் முகம் மூடாத ஆண்கள். திறந்த முகத்தோடு வந்த கொடுமைக்குத் திரையிட்ட பெண்ணைப் பொறுப்பாக்கினால், நம் துயரம் நீதியை இழந்துவிடும்.

2018 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் குழு, இச்சட்டத்தின்படி இரு பெண்களைத் தண்டித்தது அவர்தம் சமய உரிமையை மீறுவது என்று கூறியது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, அதே பிரான்சில் வாயும் மூக்கும் மறைப்பது கட்டாயமாயிற்று. அது உடல்நலம் கருதிய இடைக்கால ஏற்பாடு. இரண்டும் ஒன்றென வாதிட மாட்டோம். ஆயினும் பாதி முகம் மறைந்த நிலையிலும் மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்தினர், உதவினர், நோயாளரைப் பேணினர். உறவு அற்றுப்போகவில்லை.

சட்டம் இன்றும் நிற்கிறது, விவாதமும் ஓயவில்லை. திரைக்குள் இருக்கும் சகோதரியின் முகத்தை நாம் காண இயலாமற் போகலாம். நம் முகத்தை அவள் காண்கிறாள். அதில் அவள் காண்பது என்ன என்பதற்கு எந்தச் சட்டமும் விடை சொல்லாது. நாம்தாம் சொல்ல வேண்டும். முகம் கொடுத்துப் பேசுவோம்.